சின்ன ரூம்ல துணி காயவே மாட்டேங்குது, ட்ரையர் இல்லாம எப்டி சமாளிக்கிறீங்க?

ஈரத்துண்டு:
இங்கிலாந்துல ஷெஃபீல்டுல மாஸ்டர்ஸ் படிக்கிறேன், செப்டம்பர்ல வந்தேன். ரெண்டு பேர் இருக்கிற குட்டி ஃப்ளாட், பால்கனி கிடையாது, மொட்டைமாடி எல்லாம் கேக்கவே வேணாம். கீழ லாண்ட்ரி ரூம்ல ட்ரையருக்கு தனியா காசு, அப்படியும் ஜீன்ஸ் பாதி ஈரமாதான் வருது. அதனால ஒரு ஸ்டாண்ட் வாங்கி ரூம்லயே காயப்போடுறேன், பனியன் சாக்ஸ் எல்லாம் ஹீட்டர் மேல. மூணு நாள் ஆகுது, காஞ்ச பிறகும் ஒரு மக்குன வாடை, க்ளாஸ்ல ஒருத்தர் பக்கத்துல உக்கார கூச்சமா இருக்கு. காலைல ஜன்னல் கண்ணாடில தண்ணி வழியுது. நேத்து அலமாரிய நகத்தி பாத்தா பின்னாடி செவுத்துல கருப்பு கருப்பா புள்ளி, ஊர்லேந்து கொண்டு வந்த சூட்கேஸ்லயும் பூசணம். டெபாசிட் போயிருமோன்னு பயமா இருக்கு. வெளிய எப்பவும் தூறல், அதனால ஜன்னல தொடுறதே இல்ல. கரண்ட்டுக்கு டாப்-அப் மீட்டர், ரொம்ப செலவில்லாம ஏதாவது சொல்லுங்க.

மார்கழி:
ஜன்னல தொடாததுதான் தம்பி பிரச்சனையே. ஒரு மெஷின் துணில கிட்டத்தட்ட ரெண்டு லிட்டர் தண்ணி இருக்கும், அது எங்க போகும்? சில்லுனு இருக்கிற செவுத்துலதான் போய் ஒக்காரும். நம்ம ஊர்ல ஐப்பசி மழையில ஜன்னல மூடுவோம், ஏன்னா வெளிக்காத்தே சூடா ஈரமா இருக்கும், திறந்தா அப்பளம் கூட நமுத்துரும். இங்க அப்படி இல்ல. வெளிய 5 டிகிரில மழையே பெஞ்சாலும் அந்த காத்து உள்ள வந்து 20 டிகிரிக்கு சூடானா ஈரப்பதம் 40% பக்கத்துலதான் நிக்கும், அது துணிக்கு நல்ல காத்து. காலைல பத்து நிமிஷம் சாயங்காலம் பத்து நிமிஷம் ஹீட்டர ஆஃப் பண்ணிட்டு ஜன்னல அகலமா திற. அப்புறம் ஹீட்டர் மேல போடுறத நிறுத்து, துணி மூடிட்டா ரூமும் சூடாகாது.

வைகைக்கரை:
அக்கா சொன்னது கரெக்ட், ஆனா அதுக்கு முன்னாடி தண்ணிய மெஷின்லயே எடுத்துரணும் ப்ரோ. துவைச்சு முடிச்சதும் இன்னொரு தடவை வெறும் ஸ்பின் மட்டும் 1400 ஆர்பிஎம் வேகத்துல போடு. ஜீன்ஸ காஞ்ச டவல் மேல விரிச்சு பாய் சுருட்டுற மாதிரி சுருட்டி மேல ஏறி மிதி, டவல் எவ்ளோ தண்ணி குடிக்குதுன்னு பாரு. சீலிங் ஃபேன் இல்லாத ஊருக்கு வந்துட்டோம், அதனால ஒரு டேபிள் ஃபேன் வாங்கி ஸ்டாண்ட பாத்து வை. 40 வாட்ஸ்தான், பத்து மணி நேரம் ஓடினா 0.4 யூனிட், யூனிட் 25 பென்ஸ் சொச்சம்னாலும் பத்து பென்ஸ் கணக்குதான். சட்டைய ஹேங்கர்ல மாட்டி ஷவர் கம்பில இடைவெளி விட்டு தொங்க விடு, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடட்டும். சமைக்கிற இடத்துல மட்டும் போடாதே, நான் ஒரு தடவை ப்ரசென்டேஷனுக்கு சாம்பார் வாசனையோட போனேன்.

குளிர்தாங்கி:
அந்த டப்பால வர்ற ஈரம் உறிஞ்சுற உப்பு வாங்கிராதீங்க, வாரக்கணக்கா வெச்சாலும் கொஞ்சூண்டு தண்ணிதான் சேரும், துணிக்கு எந்த மூலைக்கு? நீங்களும் ரூம்மேட்டும் பாதி பாதி போட்டு செகண்ட் ஹேண்ட்ல டீஹியூமிடிஃபையர், அதான் காத்துல இருக்கிற ஈரத்த இழுக்கிற மெஷின், பாருங்க. 200 வாட்ஸ்னு வெச்சா ஆறு மணி நேரத்துக்கு 1.2 யூனிட், முப்பது பென்ஸ் மாதிரி ஆகும். அது ஓடும்போது மட்டும் கதவு ஜன்னல் ரெண்டையும் மூடிரணும், இல்லன்னா ஊர்ல இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துட்டு கிடக்கும். ரூம் ரொம்ப சில்லுனு இருந்தா கம்ப்ரஸர் வெச்ச டைப் மந்தமாயிரும், அதையும் பாத்து வாங்குங்க.

மார்கழி:
செவுத்து புள்ளிய தொடைக்கிறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்து ஓனருக்கு இப்பவே மெயில் போட்டுரு. அலமாரிய செவுத்துலேந்து ஒரு சாண் தள்ளி வை.

ஈரத்துண்டு:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா, ப்ரோஸ். மெயில் போட்டாச்சு. ஒரு வாரமா ரெண்டு ஸ்பின், டேபிள் ஃபேன், ஜன்னல் மூணும் ஓடுது, டி-ஷர்ட் எல்லாம் ராத்திரி போட்டா காலைல எடுத்துரலாம், வாடையும் இல்ல. பத்து நிமிஷம் ஜன்னல் திறந்தா ரூம்மேட் போர்வைக்குள்ளேந்து திட்றான், அது தனி கதை. ஜீன்ஸ் மட்டும் இன்னும் இடுப்பு பட்டைல ஈரம் நிக்குது.

வைகைக்கரை:
உள்பக்கத்த வெளிய திருப்பி, பாக்கெட்ட இழுத்து விட்டு, பட்டைல ரெண்டு க்ளிப் போட்டு நேரா தொங்க விடு, மடிச்சு போடாதே.