ஸ்பானிஷ் சீக்கிரம் வந்தது எப்படி? உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மெதுவண்டி:

இரண்டு வருடமாக ஸ்பானிஷ் படிக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த இரண்டு வருடமும் ஆங்கிலத்தைத்தான் மறுபடி படித்திருக்கிறேன். செயலியில் ஓர் ஆங்கில வாக்கியம் வரும், கீழே கிடக்கும் ஸ்பானிஷ் சொற்களை நான் தட்டித் தட்டி அடுக்குவேன். மணி அடிக்கும், நட்சத்திரம் விழும், சந்தோஷமாகத் தூங்கப் போவேன்.

அப்புறம் ஒருநாள் மொழிப் பரிமாற்றத்துக்கு ஆள் கிடைத்தார், கொலம்பியாவின் பொகொத்தாவைச் சேர்ந்த பெண்மணி. அரை மணி நேரம் அவருக்கு ஆங்கிலம், அரை மணி நேரம் எனக்கு ஸ்பானிஷ் என்று ஏற்பாடு. முதல் கேள்வியே "என்ன செய்யப் பிடிக்கும்?" என்பதுதான். படிக்கப் பிடிக்கும் என்று சொல்ல நினைத்து "யோ குஸ்தோ லேயெர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. மெதுவாக "மே குஸ்தா லேயெர்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாக்கியத்தில் அதே தப்பைச் செய்தேன். பத்து நிமிடத்தில் ஐந்து தடவை.

ஆங்கில விளக்கங்களில் இந்த 'மே குஸ்தா'வுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். 'புத்தகம் என்னை மகிழ்விக்கிறது என்று தலைகீழாக யோசியுங்கள்' என்று. நானும் தலைகீழாக நின்று பார்த்தேன், வரவில்லை. ஒரு ராத்திரி பல் தேய்க்கும்போது வாய்க்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன்: எனக்குப் பிடிக்கும். அட, நாம் என்ன 'நான் பிடிக்கிறேன்' என்றா சொல்கிறோம்? 'மே' என்றால் எனக்கு, 'குஸ்தா' என்றால் பிடிக்கும். இதில் தலைகீழே கிடையாது. ஆங்கிலம்தான் தலைகீழ்.

அதோடு விடவில்லை. 'மே துவேலே லா கபேஸா' என்றால் எனக்குத் தலை வலிக்கிறது. 'மே பரேஸே' என்றால் எனக்குத் தோன்றுகிறது. வரிசையாக வந்து விழுந்தன. மறுநாள் பழைய நோட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று ஆரம்பித்தேன். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஸ்பானிஷ், நடுவில் ஆங்கிலம் கிடையாது.

இன்னும் இரண்டு விஷயம் அந்த நோட்டிலிருந்து. 'ஆப்லோ' என்று சொன்னாலே பேசுகிறேன் என்று அர்த்தம் வந்துவிடும், முன்னால் 'யோ' (நான்) தேவையில்லை. பேசுகிறேன் என்பதில் 'ஏன்' விகுதி ஆளைக் காட்டிவிடுவதுபோல. அடுத்தது, எல்லோரையும் பயமுறுத்தும் சேர், எஸ்தார் என்ற 'இரு' வினைகள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான். தமிழில் "அவர் ஆசிரியர்" என்பதில் வினையே இல்லை, அங்கே சேர். "அவர் வீட்டில் இருக்கிறார்" என்பதில் இருக்கிறார் வருகிறது, அங்கே எஸ்தார். எனக்கு இது பெரிய திறவுகோலாக இருந்தது.

உங்களுக்கு எது கைகொடுத்தது?

இலக்கணப்பித்து:

அந்தத் திறவுகோல் பாதிப் பூட்டைத்தான் திறக்கும். "அவன் உயரமாக இருக்கிறான்" என்போம். இருக்கிறான் வந்துவிட்டதே என்று எஸ்தார் போட்டால் தப்பு, 'எஸ் ஆல்தோ' என்று சேர்தான் வரும். நான் இதில் ஒரு தேர்வில் மதிப்பெண் இழந்தவன், அதனால் சொல்கிறேன்.

'நிரந்தரம் என்றால் சேர், தற்காலிகம் என்றால் எஸ்தார்' என்று இன்னொரு சூத்திரம் ஊரெல்லாம் சுற்றுகிறது, அதையும் நம்ப வேண்டாம். இறந்துவிட்டார் என்பதற்கு 'எஸ்தா முவேர்தோ'. அதைவிட நிரந்தரம் எது? மத்ரித் ஸ்பெயினில் இருக்கிறது என்பதற்கும் எஸ்தார்தான், அது எங்கேயும் நகரப்போவதில்லை. என்ன, எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டால் வரும் பதிலுக்கு சேர். எங்கே இருக்கிறது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்றால் எஸ்தார். விருந்து, கூட்டம் மாதிரி நிகழ்ச்சிகள் எங்கே நடக்கின்றன என்று சொல்லும்போது மட்டும் திரும்பவும் சேர். இதை மூன்று தடவை அடிவாங்கித்தான் நான் கற்றேன்.

காதுள்ளவள்:

எனக்கு இலக்கணத்தில் அவ்வளவு தகராறு இல்லை, தகராறு காதில். படித்தால் புரியும், யாராவது பேசினால் ஒரே நீளக் கயிறாகக் கேட்கும்.

முதலில் உச்சரிப்பு. நாம் ஆங்கிலப் பழக்கத்தில் 'டூ', 'டோண்டே' என்று 'ட' போட்டுவிடுகிறோம். அதெல்லாம் சுத்தமான 'த'. தூ, தோந்தே. நாக்கு பல்லைத் தொட வேண்டும். 'நாதா' (ஒன்றுமில்லை) என்பதில் வரும் த, நம் 'அது'வில் வருகிற மாதிரி இளகிவிடும். இதற்காக என் வகுப்பில் மற்றவர்கள் வாரக்கணக்கில் பயிற்சி செய்தார்கள், எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது. உயிரெழுத்தும் அப்படித்தான். அ, எ, இ, ஒ, உ ஐந்தும் தெளிவாக, எங்கே வந்தாலும் அதே ஒலியில். ஆனால் நெடில் குறில் பார்க்கும் நம் புத்தியை இங்கே கொஞ்சம் அடக்க வேண்டும். இங்கே பொருளை மாற்றுவது அழுத்தம். 'பாபா'வில் முன்னெழுத்தை அழுத்தினால் உருளைக்கிழங்கு, பின்னெழுத்தை அழுத்தினால் அப்பா. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், கடைசியில் அழுத்தினால் பேசினார்.

'ஞ' நம்மிடம் இருக்கிறது. 'அஞோ' என்றால் ஆண்டு. இருந்தும் அசிங்கப்பட்டேன். தட்டச்சில் அந்த எழுத்தின் தலையில் இருக்கும் வளைகோட்டைப் போடச் சோம்பல்பட்டு, எனக்கு 34 வயது என்று ஆசிரியருக்கு எழுதினேன். வளைகோடு இல்லாவிட்டால் அது 'அனோ', அதாவது ஆசனவாய். எனக்கு 34 இருக்கிறது என்று அர்த்தம் வந்துவிட்டது. அவர் பதிலில் ஒன்றும் சொல்லாமல் அந்த ஒரு எழுத்தை மட்டும் சிவப்பில் திருத்தி அனுப்பியிருந்தார்.

காதுக்கு வருகிறேன். ஒரு ஒலிப்பதிவில் 'பாஸேர்' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு நாள் அகராதியில் தேடினேன். அப்படி ஒரு சொல்லே இல்லை. கடைசியில் எழுத்துவடிவத்தைப் பார்த்தால் அது மூன்று சொல்: 'வா', 'ஆ', 'அஸேர்'. எழுத்தில் வ என்றாலும் வாயில் அது 'பலம்' என்பதில் வரும் ப. அஸேர் என்பதன் முன்னால் எழுதியிருக்கும் ஹகரம் ஊமை. மூன்று அகரமும் ஒன்றில் ஒன்று கரைந்து பாஸேர்.

அன்றைக்குத்தான் தெளிந்தது, இது நம் புணர்ச்சிதான் என்று. 'லோஸ் அமிகோஸ்' என்று எழுதுவார்கள், 'லோசமிகோஸ்' என்று சொல்வார்கள். மெய்யின்மேல் உயிர் ஏறி உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். பள்ளியில் திட்டிக்கொண்டே படித்த பாடம் இப்படி ஒருநாள் உதவும் என்று யார் நினைத்தது.

என் முறை இதுதான். ஐந்து நிமிட ஒலித்துண்டு ஒன்றே ஒன்று. முதல் நாள் எழுத்தைப் பார்க்காமல் நான்கைந்து தடவை. இரண்டாம் நாள் எழுத்தோடு, சொற்கள் ஒட்டும் இடங்களில் பென்சிலால் வளைவு போட்டு. மூன்றாம் நாள் கூடவே சேர்ந்து, அரை நொடி பின்னால் ஓடிக்கொண்டே பேசுவது. நான்காம் நாள் அடுத்த துண்டு. ஆங்கில எழுத்துகளோடு தொடர் பார்ப்பதெல்லாம் எனக்கு ஒன்றும் தரவில்லை. கண் படித்தது, காது தூங்கியது.

பொறுமைசாலி:

'சீக்கிரம்' என்ற சொல்லே எனக்கு உறுத்துகிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் அதிகாரிகளுக்கு ஸ்பானிஷை மிக எளிய மொழிகளின் பிரிவில் வைத்திருக்கிறது. அந்த எளிய மொழிக்கே முழுநேர வகுப்பாக ஆறு, ஏழு மாதம் ஒதுக்குகிறார்கள், அதுவும் சம்பளம் கொடுத்து. நாம் வேலை முடிந்து வந்து இருபது நிமிடம் படித்துவிட்டு 30 நாளில் பேசிவிடலாம் என்கிறோம்.

ஆனால் மூன்று மாதத்தில் வாயைத் திறந்துவிடலாம். எனக்கு உதவியது நான்கு சொல்: கியேரோ, புவேதோ, தெங்கோ கே, வோய் ஆ. இவற்றுக்குப் பின்னால் வினையை அப்படியே, எந்த விகுதியும் மாற்றாமல் வைக்கலாம். கொமேர் என்றால் சாப்பிட. கியேரோ கொமேர், சாப்பிட விரும்புகிறேன். புவேதோ கொமேர், சாப்பிட முடியும். தெங்கோ கே கொமேர், சாப்பிட வேண்டும். வோய் ஆ கொமேர், சாப்பிடப் போகிறேன். தமிழிலும் 'சாப்பிட' அசையாமல் நிற்பதைப் பாருங்கள். கடைசி வாக்கியத்தில் இரண்டு மொழியும் எதிர்காலத்துக்குப் 'போ'வையே கூப்பிடுகின்றன. மேலே சொன்ன கணக்குப்படி வோய் என்பதை வாயில் கிட்டத்தட்ட 'போய்' என்றே சொல்ல வேண்டும். தற்செயல்தான், ஆனால் எனக்கு ஒருதடவைகூட மறந்ததில்லை.

வினை விகுதி அட்டவணையை நான் தொட்டது இதற்கெல்லாம் பிறகுதான்.

சீட்டுக்கட்டு:

ஆங்கிலத்தை அடியோடு தூக்கிப் போடச் சொல்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. 'ஷன்' என்று முடியும் ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலானவற்றை 'ஸ்யோன்' ஆக்கினால் ஸ்பானிஷ் சொல் கையில். நஸ்யோன், இன்ஃபொர்மஸ்யோன், சிதுவஸ்யோன். இலவசமாகக் கிடைப்பதை ஏன் விட வேண்டும்? ஸ்பெயின்காரர்கள் இந்த 'ஸ்' இருக்கும் இடத்தில் நாக்கைப் பல்லுக்கு நடுவே வைப்பார்கள், அது வேறு கதை.

ஆனால் இந்த இலவசம் காலையும் வாரும். வேலையில் புதுப் பொறுப்புக்கு மாறும்போது மெக்ஸிகோ சகா ஒருவர் மடலை 'மூச்சோ எக்ஸிதோ' என்று முடித்திருந்தார். வெளியேறும் வழியைத்தான் காட்டுகிறார் என்று நினைத்து ஒருநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எக்ஸிதோ என்றால் வெற்றி. மனிதர் வாழ்த்தியிருக்கிறார்.

நான் ஆங்கி என்ற மனப்பாடச் சீட்டுச் செயலியைப் பயன்படுத்துகிறேன். ஆரம்பத்தில் நாளுக்கு 20 புதுச் சீட்டு போட்டேன். மூன்றாவது வாரம் திருப்பிப் பார்க்க வேண்டியவை மலையாகக் குவிந்து, செயலியைத் திறக்கவே பயம் வந்துவிட்டது. இப்போது நாளுக்கு ஏழு. தனிச்சொல்லைச் சீட்டில் எழுதுவதில்லை, சிறு வாக்கியமாக எழுதுகிறேன். பெயர்ச்சொல்லை எல் (ஆண்பால்), லா (பெண்பால்) இல்லாமல் எழுதுவதே இல்லை. மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண், பெண் பார்ப்பதில் தமிழ் நமக்கு ஒரு உதவியும் செய்யாது, நம் அஃறிணை எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிட்டது. 'ஓ'வில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண் என்று நம்பிப் போனால் எல் மாபா, எல் ப்ரொப்லேமா, எல் தியா, லா மானோ எல்லாம் வழியில் நிற்கும்.

மெதுவண்டி:

சேர், எஸ்தார் திருத்தத்துக்கு நன்றி, நோட்டில் சிவப்பில் எழுதிவிட்டேன். என் தமிழ் வழி சறுக்கிய இன்னொரு இடத்தையும் ஒப்புக்கொள்கிறேன். தூ என்றால் நீ, உஸ்தெத் என்றால் நீங்கள் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். பொகொத்தாப் பெண்மணி மூன்று மாதம் பழகிய பிறகும் என்னை உஸ்தெத் என்றே அழைத்தார். இன்னும் அந்நியனாகத்தான் வைத்திருக்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு வருத்தம். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய தம்பி அறைக்குள் வந்தான். விளக்கை அணைத்துவிட்டுப் போ என்று அவனிடம் சொன்னார், அதுவும் உஸ்தெத் போட்டு. கேட்டேன். அங்கே வீட்டுக்குள்ளும் நண்பர்களிடமும் அது சாதாரணமாம்.

பாஸேர் விஷயத்தைப் படித்ததும் பழைய அழைப்பு ஒன்றின் பதிவைப் போட்டுக் கேட்டேன். பன்னிரண்டு நிமிடத்தில் ஏழு தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைகூட என் காதில் விழுந்ததில்லை. நோட்டில் வலப்பக்கம் 'வா ஆ அஸேர்', இடப்பக்கம் 'செய்யப் போகிறார்' என்று எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை அவரிடம் நானே அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.