கிளவுடில் போட்டதைத் திரும்ப எடுக்க எவ்வளவு ஆனது? நம் அனுபவங்கள்

சாட்ஸ்வர்த், போட்டோ ஸ்டூடியோ:

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாண வீடியோ எடுக்கிறவன் நான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் கடையின் பின்னறையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அந்த வெள்ளம் எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் உயிரைக் கொண்டுபோனது. எனக்குப் போனது மூன்று ஹார்ட் டிஸ்க்தான். ஆனால் அவற்றில் இருந்தவை ஊரார் வீட்டுக் கல்யாணங்கள், மறுபடி எடுக்க முடியாதவை. மிஞ்சிய 6 டிபியை (ஒரு டிபி என்பது சுமார் 1,000 ஜிபி) அந்த மாதமே கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சேமிப்பிடத்துக்கு, ஏற்றினேன்.

மாதம் 150 டாலர். அப்போது டாலர் 15 ராண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. 2,250 ராண்டு, அதற்கு மேல் 15 சதவீதம் வாட் வரி. சரி, தாங்கும் என்று சேர்ந்துவிட்டேன். 2023 ஜூன் தொடக்கத்தில் டாலர் 20 ராண்டை நெருங்கியது. புதிதாக ஒரு படம்கூட ஏற்றவில்லை, பில் மட்டும் வாட் இல்லாமலே 3,000 ராண்டுக்கு வந்து நின்றது. கல்யாண வீட்டாரிடம் பேசிய தொகையை ஏற்ற முடியுமா?

அதனால் பழைய வருடங்களின் 5 டிபியை விலை குறைந்த ஆர்க்கைவ் பிரிவுக்கு, அதாவது அடிக்கடி எடுக்காத கோப்புகளை வைக்கும் இடத்துக்கு, தள்ளினேன். அந்த 5 டிபிக்கு மாதம் 10 டாலர்தான். கோப்புகளின் எண்ணிக்கைக்கும் கட்டணம் உண்டு என்பதால் ஒரு வருடம் முழுவதையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிப் போட்டேன். அங்கேதான் நான் தவறு செய்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண் அழைத்தார். அவர் கல்யாணத்தை 2016இல் எடுத்திருந்தேன். "அண்ணா, அப்பா தவறிட்டார். எங்களிடம் இருந்த டிவிடி ஓடவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் பேசிய வீடியோ வேண்டும்" என்றார். நான்கு நாள் இருந்தது. நாளைக்கே தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆர்க்கைவில் இருப்பது கேட்டவுடன் வராது. முதலில் வெளியே எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும், அதற்கே 12 மணி நேரம். அப்புறம் எனக்கு வேண்டிய அரை மணி நேர வீடியோவுக்காக 800 ஜிபி ஜிப்பை முழுவதுமாக இறக்க வேண்டும். என் 50 எம்பிபிஎஸ் ஃபைபரில் கணக்குப்படியே ஒன்றரை நாள் ஆகும். நடுவில் லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, இரண்டு முறை அறுத்தது. பதினைந்தாம் நாள் ராத்திரி பத்து மணிக்குப் பென்டிரைவை அவர்கள் வீட்டில் கொடுத்தேன். அந்தப் பெண் வாசலில் நின்றபடியே போனில் போட்டுப் பார்த்தார்.

அந்த மாத பில்லில் இறக்கியதற்கு மட்டும் 120 டாலர், ஜிபிக்கு 15 சென்ட். மொத்த ஆர்க்கைவுக்கும் ஒரு வருட வாடகை அது. ஜிப்பைப் பிரித்து அடுக்கலாம் என்று பழையதை அழித்தேன், அதற்கும் கட்டணம் வந்தது: 180 நாள் ஆகாமல் அழித்தால் மீதி நாளுக்கும் கட்ட வேண்டுமாம். எல்லாம் விலைப்பட்டியலிலேயே இருந்தது. நான் பார்த்தது ஜிபி விலை இருந்த முதல் வரியை மட்டும்.

லெனேசியா, கணக்கர் அலுவலகம்:

அண்ணா, படித்ததும் மனது கனத்துவிட்டது. எங்கள் தொல்லை சேமிப்பிடத்தால் வரவில்லை, ஆளுக்கு ஒன்றாக வாங்கும் மைக்ரோசாஃப்ட் லைசன்ஸால் வந்தது. பதினொரு பேர் அலுவலகம், ஒரே வருடத்தில் மூன்று பேர் விலகினார்கள். அவர்கள் பெயரில் இருந்த ஒன்டிரைவில்தான் (மைக்ரோசாஃப்டின் கிளவுட் இடம்) வாடிக்கையாளர் கோப்புகள். லைசன்ஸை எடுத்தால் கோப்பு போய்விடுமே என்று ஆளில்லாத மூன்று கணக்குக்கும் எட்டு மாதம் கட்டினோம். பொதுவான ஃபோல்டருக்கு மாற்றியிருந்தால் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும். எங்களுக்கு லைசன்ஸ் விற்ற இடைத்தரகர் அதை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது கணக்கைச் சும்மா விட்டுவைக்கவும் வழியில்லை. மைக்ரோசாஃப்ட் 2025 ஜனவரி முதல், 93 நாளுக்கு மேல் லைசன்ஸ் இல்லாமல் கிடக்கும் ஒன்டிரைவை ஆர்க்கைவுக்கு அனுப்புகிறது. திரும்பத் திறக்க ஜிபிக்கு 60 அமெரிக்க சென்ட். வருட ஒப்பந்தம் போட்டால் நடுவில் ஆளைக் குறைக்க முடியாது. மாத ஒப்பந்தம் சுமார் 20 சதவீதம் கூடுதல். ஆள் வந்து போகும் அலுவலகம் என்றால் நிலையான பேருக்கு வருடம், மற்றவர்களுக்கு மாதம் என்று பிரித்து வாங்குங்கள்.

எங்களால் எதையும் தூக்கி எறியவும் முடியாது. வரிக் கணக்குப் பதிவுகள் ஐந்து வருடம், நிறுவனச் சட்டப்படி ஏழு வருடம் இருக்க வேண்டும்.

கேப் டவுன், ஐடி வேலை:

ஸ்டூடியோ அண்ணாவுக்கு ஒன்று. வேறு நிறுவனத்துக்கு முழுவதுமாக மாறுவதாக இருந்தால் இறக்கக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக 2024 தொடக்கத்தில் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் அறிவித்தன. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், குறித்த நாளுக்குள் முடிக்க வேண்டும். அன்றாடம் இறக்குவதற்கு இது பொருந்தாது.

பாபியா சட்டம் (தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) கோப்பு இந்த நாட்டிலேயே இருக்க வேண்டும் என்று சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வெளிநாட்டில் வைக்கலாம், 72ஆம் பிரிவின் நிபந்தனைகள் பொருந்த வேண்டும். ஆனால் நான் இந்த நாட்டில் இருக்கும் தரவு மையத்தையே சொல்வேன். 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கடலோரம் நான்கு கடலடி இணையக் கேபிள்கள் அறுந்தபோது, ஐரோப்பாவில் கோப்பு வைத்திருந்த எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் நாள் முழுக்க ஒரு பில் போட முடியாமல் உட்கார்ந்திருந்தார். விலை கொஞ்சம் கூடத்தான். கேப் டவுனில் அமேசானின் ஜிபி விலை அமெரிக்காவில் இருப்பதைவிட அதிகம்.

சாட்ஸ்வர்த், போட்டோ ஸ்டூடியோ:

தம்பி, தங்கச்சி, இரண்டு பேருக்கும் நன்றி. இப்போது ஒரு குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரித்து வருகிறேன். 2018 வரை முடிந்தது. இன்னொரு பிரதியை ஹார்ட் டிஸ்கில் போட்டு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன், யாராவது அவசரமாகக் கேட்டால் காரில் ஒரு மணி நேரம்தான். ராண்டிலேயே பில் போடும் உள்ளூர் நிறுவனத்தில் 5 டிபிக்கு மேல் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால், இறக்க எவ்வளவு வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள்.