கண்ணாடி அடுப்பில் ஆறு பேருக்குக் கடலுணவுப் பாயேயா: வழி சொல்லுங்கள்

மாடிவீட்டுக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். ஸ்பெயினின் வலென்சியாவில் ருசாஃபா பக்கம் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். வரும் ஞாயிறு மதியம் மனைவியோடு வேலை பார்ப்பவர்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். எங்களையும் சேர்த்து ஆறு பேர். வருகிறவர்கள் எல்லோருமே இந்த ஊர்க்காரர்கள். வேறு எதையாவது சமைத்துப் போடலாம் என்று மனைவி சொல்கிறாள். எனக்கோ அவர்கள் ஊர்ச் சாப்பாட்டையே, அகலச் சட்டியில் அரிசியைச் சாற்றோடு வேகவைக்கும் கடலுணவுப் பாயேயாவையே, ஒழுங்காகச் செய்து பரிமாற வேண்டும் என்று ஆசை.

சட்டி வாங்கியாகிவிட்டது. 46 செ.மீ. அகலம், மெருகேற்றிய இரும்பு. அடுப்புதான் பிரச்சினை. எங்களிடம் இருப்பது மின்சாரக் கண்ணாடி அடுப்பு. அதன் பெரிய வளையமே 21 செ.மீ.தான். நேற்று சட்டியில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றிச் சூடாக்கிப் பார்த்தேன். நடுவில் குமிழ் விட்டுக் கொதிக்கிறது. விளிம்போரத்தில் தண்ணீர் சலனமே இல்லாமல் நிற்கிறது. இந்த நிலையில் அரிசியைப் போட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சூட்டைச் சமமாகக் கொண்டுவர என்ன வழி? மீன் சாற்றுக்குக் கடையில் விற்கும் அட்டைப்பெட்டிச் சாறு போதுமா? இறாலை எந்தக் கட்டத்தில் போடுவது? அரிசியில் போம்பா என்ற ரகம்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். அது அத்தனை அவசியமா?

இரவுப்பணி:

உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். நாங்கள் பல சமயம் செய்வதைச் சொல்கிறேன். சாறு ஊற்றி, அரிசி போட்டு, அடுப்பில் ஐந்தாறு நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டபின் சட்டியை அப்படியே 200 டிகிரி சூட்டில் இருக்கும் ஓவனுக்குள் தள்ளிவிடுங்கள். பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக வேகும். அடியில் காந்தல் வேண்டுமென்றால் கடைசியில் வெளியே எடுத்து மறுபடி ஒரு நிமிடம் அடுப்பில் வையுங்கள்.

பெட்டிச் சாறு அவசரத்துக்கு உதவும். அதில் உப்பு ஏற்கெனவே இருக்கும் என்பதால் தனியாக உப்புப் போடுவதற்கு முன் சுவைத்துப் பாருங்கள்.

தேனியா மருமகள்:

தம்பி, ஓவன் வழி நல்ல வழிதான். ஆனால் முதலில் ஓர் அளவுநாடாவை எடுத்து ஓவனின் உள்ளகலத்தை அளந்து பாருங்கள். வீட்டு ஓவன்களில் பெரும்பாலானவை 46 செ.மீ. சட்டியை உள்ளே விடாது. இரண்டு பக்கமும் கைப்பிடி வேறு நீட்டிக்கொண்டிருக்கும்.

நான் அலிகாந்தே பக்கத்துக் கடலோர ஊரான தேனியாவில் வாழ்க்கைப்பட்டவள். மாமியார் வீட்டில் ஞாயிறு என்றால் அரிசிதான்; மதியம் மட்டும்தான், இரவில் யாரும் இதைச் சாப்பிடுவதில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மனதில் ஒன்றை நிறுத்திக்கொள்ளுங்கள். இது அரிசிச் சாப்பாடு. மேலே எத்தனை இறால் அடுக்கியிருக்கிறது என்று இங்கே யாரும் எண்ணப்போவதில்லை. ஒரு கரண்டி வெறும் அரிசியை வாயில் போட்டால் கடல் தெரிய வேண்டும். அதற்கு மீனின் ருசி முழுவதும் சாற்றில் இறங்கி, சாறு முழுவதும் அரிசிக்குள் ஏற வேண்டும். எனவே உங்கள் பணத்திலும் நேரத்திலும் பெரும்பகுதியைச் சாற்றுக்கே கொடுங்கள். பெட்டிச் சாறு வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சனிக்கிழமை காலையிலேயே சந்தைக்குப் போய்விடுங்கள். உங்கள் ஊர் மத்தியச் சந்தை ஞாயிற்றுக்கிழமை கிடையாது; சனிக்கிழமையும் மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். மீன் பகுதியில் "மொர்ராயா" என்று கேளுங்கள். முள் நிறைந்த சின்னச் சின்னப் பாறைமீன்களைக் கலந்து கொடுப்பார்கள். விலை குறைவு; தனியாகப் பொரித்துத் தின்ன லாயக்கில்லை; சாற்றுக்கு அதைப்போல வேறொன்று இல்லை. ஒரு கிலோ வாங்குங்கள். கூடவே இரண்டு சிறிய நண்டு, கிடைத்தால் ஒரு கைப்பிடி "கலேரா" (இறாலைப் போன்ற ஓடுள்ள கடலுயிரி). அரிசிக்குள் போட ஒரு நடுத்தரக் கணவாய். அதைச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். இறால் அரைக் கிலோ, தலையோடு. தேனியாவின் சிவப்பு இறாலை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். அத்தனை விலை கொடுத்து வாங்கும் இறாலை உப்பு நீரில் நொடிப்பொழுது வேகவைத்து, ஆறியபின் அப்படியே சாப்பிட வேண்டும். அரிசியோடு போட்டால் அரிசிக்கும் லாபமில்லை, இறாலுக்கும் மரியாதையில்லை.

வீட்டுக்கு வந்ததும் இறால்களில் முக்கால் பங்கை உரித்து, தலையையும் ஓட்டையும் தனியே வையுங்கள். ஆழமான பாத்திரத்தில் ஆலிவ் எண்ணெய் காய்ந்ததும் நான்கைந்து பல் பூண்டு, விதை நீக்கிய ஒரு காய்ந்த ஞோரா மிளகாய் (காரமில்லாத உருண்டை மிளகாய்) போட்டு வதக்கி, ஞோரா கருகுவதற்குள் எடுத்துவிடுங்கள். அதே எண்ணெயில் இறால் தலைகளைப் போட்டு, மரக்கரண்டியின் முதுகால் நசுக்கி நசுக்கி வதக்குங்கள். எண்ணெய் செம்மஞ்சளாக மாறும். வாசனை மாறுவதும் உங்களுக்கே தெரியும். பச்சை வாடை போய் வறுத்த வாடை வரும். அதன்பின் நண்டு, ஒரு பழுத்த தக்காளி, மொர்ராயா, எடுத்து வைத்த ஞோராவும் பூண்டும், மூன்று லிட்டர் தண்ணீர். கொதி வந்தபின் நுரையை வழித்துவிட்டு, சிறு தீயில் அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். எலும்பு அதிகம் வெந்தால் சாறு கசக்கும். பிறகு மூடி வைத்துவிட்டுக் கொஞ்சம் ஆறியதும் வடிகட்டுங்கள். சல்லடையில் தங்குவதை நன்றாக அழுத்திப் பிழியுங்கள். தலைக்குள் இருக்கும் சத்து அப்போதுதான் இறங்கும். ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பாதி வேலை முடிந்த மாதிரி.

இனி அடுப்பு. 46 செ.மீ. சட்டியை இந்த முறை மறந்துவிடுங்கள். 34 செ.மீ. சட்டி இரண்டு வாங்கி, இரண்டு வளையத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் 300 கிராம் அரிசி போடுங்கள். தலைக்கு 100 கிராம் கணக்கு. வளையத்தைவிட அதுவும் பெரியதுதான், ஆனால் சமாளிக்கலாம்: இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை சட்டியைக் கால் சுற்றுத் திருப்பி, கொஞ்சம் தள்ளி வைத்து, விளிம்பும் சூட்டின் மேல் வரும்படி செய்துகொண்டே இருங்கள். சட்டியைத் திருப்பலாம், அரிசியைத்தான் தொடக் கூடாது. வெளியில் வைத்துச் சமைக்கும் வட்ட எரிவாயு அடுப்பை வாங்கி வீட்டுக்குள் பற்றவைக்க யாராவது யோசனை சொன்னால் வேண்டவே வேண்டாம், அது திறந்தவெளிக்கானது.

சமைக்கும் முறை: சாற்றைத் தனிப் பாத்திரத்தில் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள். குங்குமப்பூவைக் காகிதத்தில் மடித்து லேசாகச் சூடுகாட்டி, விரலால் நொறுக்கிச் சாற்றில் போடுங்கள். சாறு, நீங்கள் குடிக்க விரும்புவதைவிட ஒரு சிட்டிகை உப்பு தூக்கலாக இருக்க வேண்டும். அரிசி அதை இழுத்துக்கொள்ளும்.

சட்டியில் எண்ணெய் ஊற்றி, உரிக்காமல் வைத்த இறாலை இரண்டு பக்கமும் நிறம் மாறும்வரை வாட்டி எடுத்துத் தனியே வையுங்கள். கணவாயை ஈரமில்லாமல் துடைத்து, நகமளவு துண்டுகளாக்கி அதே எண்ணெயில் போடுங்கள். முதலில் தண்ணீர் விடும், பிறகு வெடிக்கும், வெடிப்பது அடங்கியதும் பொன்னிறமாகும். அடுத்து பொடியாக நறுக்கிய பூண்டு. உடனே துருவிய தக்காளி. தக்காளி சுருண்டு, நிறம் கறுத்து, எண்ணெய் பிரியும்வரை பொறுமையாக வதக்குங்கள். வெங்காயம் சேர்க்காதீர்கள், ஈரம் விட்டு அரிசியைக் குழைய வைக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இனிப்பு பிமெந்தோன் தூள் (காரமில்லாத சிவப்பு மிளகாய்த் தூள்) ஒரு தேக்கரண்டி போட்டு இரண்டு புரட்டு புரட்டியதும் அரிசியைக் கொட்டிவிடுங்கள், இல்லையென்றால் தூள் கருகிக் கசந்துவிடும். அரிசியைக் களைய வேண்டாம். ஒரு நிமிடம் எண்ணெயில் பிரட்டி, கொதிக்கும் சாற்றை ஊற்றி, சட்டி முழுவதும் அரிசியைச் சமமாகப் பரப்புங்கள். கரண்டியின் வேலை அதோடு சரி.

எட்டு நிமிடம் முழுச் சூடு. அரிசி மேலே தலைகாட்டத் தொடங்கியதும் சூட்டைக் குறைத்து இன்னும் பத்து நிமிடம். உரித்த இறாலைக் கடைசி மூன்று நிமிடத்தில் அரிசியில் பதித்தால் போதும். வாட்டிய இறாலை அடுப்பை அணைத்தபின் மேலே வைக்கலாம். சிப்பி போடுவதானால் தனிப் பாத்திரத்தில் மூடி வைத்துத் திறக்கவைத்து, அதில் ஊறும் நீரை வடிகட்டி முன்கூட்டியே சாற்றில் சேர்த்துவிடுங்கள்.

காந்தலுக்குக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சாறு இருக்கும்வரை களகளவென்ற சத்தம் வரும். வற்றியதும் அது நின்று, படபடவென்று மெல்லிய பொரிசத்தம் கேட்கும். அப்போது சூட்டைக் கூட்டி ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. வறுபடும் வாசனை தீய்ந்த வாசனையாக மாறுவதற்குள் இறக்கி, மேலே துணி போட்டு ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள்.

பட்டாணி, சோரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி இரண்டும் வேண்டாம். விருந்தினர்கள் மரியாதைக்காகச் சாப்பிடுவார்கள், ஆனால் கண்டிப்பாகக் கவனிப்பார்கள்.

நெல்வயல்:

அக்கா எழுதியதற்கு மேல் சமையலில் சேர்க்க எதுவும் இல்லை. அரிசி பற்றி மட்டும் எழுதுகிறேன்; நான் இருப்பது சுவேக்காவில், வீட்டைச் சுற்றி அல்புஃபேரா ஏரிப் பகுதியின் நெல்வயல்கள்தான்.

போம்பா கட்டாயமில்லை, ஆனால் உங்கள் நிலைமைக்கு அதுதான் ஏற்றது. அதில் அமைலோஸ் என்ற, சோற்றை ஒட்டவிடாத மாவுச்சத்து அதிகம். சாற்றை நிறையக் குடித்தாலும் எளிதில் வெடித்துக் குழையாது. அடுப்பு சமமில்லாதபோது நடுவில் இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் தாங்கிக்கொள்ளும். விலைதான் அதிகம். எங்கள் பக்கத்தில் பலர் செனியா என்ற ரகத்தைப் போடுகிறார்கள். அது சாற்றின் ருசியை அருமையாக ஏற்கும். பதம் தப்பினால் உடனே குழைந்துவிடும். இரண்டையும் கலப்பினம் செய்து உருவாக்கிய அல்புஃபேரா என்ற ரகம் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடித்தமானது. "அரோஸ் தே வலென்சியா" பிறப்பிடச் சான்று முத்திரையும் ரகத்தின் பெயரும் உள்ள பையாகப் பார்த்து வாங்குங்கள். "உருண்டை அரிசி" என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே என்ன ரகம் என்று தெரியாது, எவ்வளவு சாறு ஊற்றுவது என்றும் தெரியாது.

அளவு: போம்பாவுக்கு ஒரு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு சாறு, செனியாவுக்கு இரண்டரைக்கு மேல் வேண்டாம். எதுவானாலும் அரை லிட்டர் சூடான சாறு கைவசம் இருக்கட்டும்.

அக்காவோடு ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். ஞோரா போட்ட பின் பிமெந்தோன் தேவையே இல்லை. போடுவதாக இருந்தாலும் லா வேரா பகுதியிலிருந்து வரும் புகையூட்டிய தூளை வாங்கிவிடாதீர்கள். அந்தப் புகைவாசனை மீனை அமுக்கிவிடும்.

மாடிவீட்டுக்காரன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஓவனை அளந்தேன், உள்ளகலம் 44 செ.மீ.தான். அக்கா சொன்னபடி 34 செ.மீ. சட்டி இரண்டு வாங்கிவிட்டேன். அரிசி போம்பா என்று முடிவு செய்திருக்கிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். வருகிறவர்களில் ஒரு சிறுமியும் ஒரு பெரியவரும் இருக்கிறார்கள். பெரியவருக்கு விரல்கள் ஒத்துழைக்காது. இறால் உரிப்பது, சிப்பி பிரிப்பது எல்லாம் சிரமம். ஒரு சட்டியை மட்டும் அவர்களுக்காக மாற்றிச் செய்யலாமா?

தேனியா மருமகள்:

ஒன்றை மட்டும் ஏன், இரண்டையுமே அப்படிச் செய்யுங்கள். அதற்கென்றே ஒரு வகை இருக்கிறது: "அரோஸ் தெல் சென்யொரெத்". எல்லாமே உரித்து, முள்ளும் ஓடும் இல்லாமல் அரிசிக்குள் போவது. கணவாய், உரித்த இறால், விருப்பப்பட்டால் முள்ளில்லாத மீன்துண்டு. கையை நனைக்காமல் கரண்டியால் மட்டும் சாப்பிடலாம். எல்லா இறாலையும் உரித்துவிடுவதால் சாற்றுக்கு இன்னும் அதிகத் தலை கிடைக்கும். இங்கே உணவகங்களில் இதைத்தான் பலரும் விரும்பிக் கேட்கிறார்கள், எனவே ஏதோ குறைத்துவிட்டதாக யாரும் நினைக்க மாட்டார்கள். கூடவே பூண்டையும் ஆலிவ் எண்ணெயையும் சேர்த்து அடித்த ஆலியோலி ஒரு கிண்ணம் வையுங்கள்.

சின்ன வேறுபாடு: வாட்டி வைக்க முழு இறால் இல்லாததால், சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் மூன்று நான்கு இறால் தலைகளை அதில் பொரித்து எடுத்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் கணவாயைத் தொடங்குங்கள்.

நெல்வயல் தம்பிக்கு: எங்கள் வீட்டில் ஞோரா, பிமெந்தோன் இரண்டுமே போகும். அலிகாந்தே பக்கத்துச் சமையல் அது. புகையூட்டிய தூள் வேண்டாம் என்பதில் நானும் உங்கள் கட்சி.

நெல்வயல்:

ஏற்றுக்கொள்கிறேன் அக்கா.

மாடிவீட்டுக்காரருக்கு ஒரு கடைசி விஷயம். புதிய இரும்புச் சட்டிகளில் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு பூச்சு தடவி விற்பார்கள். சனிக்கிழமையே சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் விட்டு ஒரு கொதி கொதிக்கவிட்டுக் கொட்டி, ஈரம் போகத் துடைத்து, மெல்லிசாக எண்ணெய் தடவி வையுங்கள். சாப்பிட்டு முடித்தபின்பும் இதே கதைதான்: ஊறவைத்தால் அரை மணி நேரம் போதும், இரவு முழுவதும் தண்ணீரில் போட்டால் காலையில் துருவேறி நிற்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடவே கூடாது.