பழைய கயாக் ஒண்டு வாங்கோணும்: சுனாமி 145 ஆ, டெம்பெஸ்ட் 170 ஆ?

துடுப்புக்காரன் (ஸ்காபரோ):
எல்லாருக்கும் வணக்கம். போன சம்மர் முழுக்க வாடகைக் கயாக்கில (துடுப்புப் போட்டு ஓடுற ஒடுக்கமான சின்ன வள்ளம்) ஓடினனான், நல்லாப் பிடிச்சுப் போச்சு, இந்த வருசம் சொந்தமா ஒண்டு எடுப்பம் எண்டு பாத்தா புதுசு வாங்கிற அளவுக்குக் காசு இல்லை. பழைய சாமான் விக்கிற கிஜிஜி சைற்றில தேடித் தேடி கடைசியா ரெண்டில வந்து நிக்கிறன். ஒண்டு வில்டர்னெஸ் சிஸ்டம்ஸ் சுனாமி 145, றடர் (பின்னுக்கு இருக்கிற சுக்கான்) இருக்கு, 900 டொலர் கேக்கினம் (சுனாமி எண்ட பேரை அம்மாட்ட இன்னும் சொல்லேல்லை). மற்றதும் அதே கொம்பனிதான், டெம்பெஸ்ட் 170, றடர் இல்லை, ஸ்கெக் (அடியில ஏத்தி இறக்கிற, திரும்பாத தகடு) மட்டும், 1,100 டொலர். ரெண்டும் பிளாஸ்ரிக். நான் 5 அடி 11, 200 இறாத்தல் வரும். ஒன்ராறியோவில அல்கொங்குயின் பார்க், கவார்த்தா பக்கத்து ஏரியளில ரெண்டு மூண்டு இரவு ரென்ற் அடிச்சு நிக்கிறதுதான் பிளான், பழகினாப் பிறகு ஜோர்ஜியன் பே (ஹியூறன் ஏரியின்ர பெரிய குடா) பக்கமும் போக ஆசை. கார் கொறொல்லா, 17 அடி டெம்பெஸ்டை அதுக்கு மேல கட்டலாமோ? நீளம் கூடினா வேகம் எண்டு ஒருத்தர் சொல்லுறார், ஒடுக்கமெண்டா கவிழும் எண்டு இன்னொருத்தர் சொல்லுறார், ஒண்டும் விளங்கேல்லை.

பரி சவுண்ட் பெடியன்:
நீளத்தை விடுங்கோ அண்ணை, முதல்ல ஏறி இருந்து பாருங்கோ. தொடை ரெண்டும் மேல் தளத்தில முட்டோணும், கால் பெடலுக்கு எட்டோணும், அரை மணித்தியாலம் இருந்தா கால் விறைக்கக் கூடாது. சுனாமி 145 கொஞ்சம் பெரிய உடம்புக்காரருக்கு எண்டே செய்தது, அகலம் 24 அங்குலத்துக்குச் சொட்டு மேல. டெம்பெஸ்ட் 22 அங்குலம். வெறுமையா ஓடினா டெம்பெஸ்ட் நடுங்கும், பயந்துபோய் வேண்டாம் எண்டுடுவியள், ஆனா ரென்ற், சாப்பாடு, தண்ணி எல்லாம் அடியில ஏத்தினாப் பிறகு அதே கயாக் அமைதியா இருக்கும். அதால பாக்கப் போகேக்க தண்ணி நிரப்பின கான் ரெண்டு மூண்டு கொண்டுபோய் முன்னுக்கும் பின்னுக்கும் சமமா வைச்சு ஓடிப்பாருங்கோ, விக்கிறவர் சிரிச்சா சிரிக்கட்டும்.

றடர், ஸ்கெக் சண்டை முடியவே முடியாது. பக்கக் காத்து அடிச்சா கயாக்கின்ர மூக்கு காத்தடிக்கிற பக்கம் திரும்பப் பாக்கும், அதை நிப்பாட்டத்தான் ரெண்டும். றடரைக் காலால திருப்பலாம், ஆனா கேபிள் இத்துப்போயிருக்கோ எண்டு பாக்கோணும். ஸ்கெக்கில சின்னக் கல்லுப் போய் இறுகும், ஏத்தி இறக்கிப் பாருங்கோ. ஒப்பியோங்கோ மாதிரிப் பெரிய ஏரியில பின்னேரக் காத்துக்கு ரெண்டில ஒண்டு கட்டாயம் வேணும்.

முக்கியமான சோதனை இது: ஆள் இருக்கிற குழிக்குள்ள ரெண்டு வாளி தண்ணி ஊத்தி, முன்னுக்கு ஒருக்கா பின்னுக்கு ஒருக்கா சரிச்சுப் பிடிச்சிட்டு, ஹாட்ச் (சாமான் அறையின்ர வாய்) மூடியைத் திறந்து பாருங்கோ. சாமான் வைக்கிற அறைக்குள்ள ஈரம் வந்தா தடுப்புச் சுவர் ஒட்டு விட்டிட்டுது. திருப்பி ஒட்டலாம், பெரிய வேலை இல்லை, ஆனா விலையைக் குறைச்சுக் கேளுங்கோ. ஹாட்ச் றப்பர் வெடிச்சிருந்தா அது செலவு. பின் முனையில வலப்பக்கம் 12 எழுத்தில ஒரு நம்பர் அடிச்சிருக்கும், கடைசி ரெண்டு இலக்கமும் மொடல் வருசம், "மூண்டு வருசம்தான் தம்பி" எண்டு சொல்லுற ஆக்களை அதில பிடிக்கலாம்.

வாட்டர்லூ வாசி:
ஒரு விஷயம் யாரும் சொல்லல. அல்கான்குவின்ல ஏரிக்கு ஏரி போகணும்னா போர்ட்டேஜ் பண்ணணும், அதாவது படகைத் தரை வழியா தூக்கிட்டு நடக்கணும், கனூவை (மேல திறந்த படகு) கவுத்து தோள்ல வச்சுக்கிட்டு நடந்துரலாம், இந்த கயாக் ரெண்டுமே கிட்டத்தட்ட 60 பவுண்டு, உள்ள இருக்கற சின்னச் சின்ன மூட்டையெல்லாம் தனியா வேற தூக்கணும், ஒரு தடவை பண்ணா போதும் வெறுத்துடும். அதனால கயாக் தான்னு முடிவு பண்ணிட்டா போர்ட்டேஜ் இல்லாத இடமா பாருங்க. கனிஸ்பே ஏரியில துடுப்பு போட்டே போற கேம்ப்சைட் இருக்கு, ஒப்பியோங்கோ இருக்கு. மசசாகா பார்க் இன்னும் பெஸ்ட், அங்க கார்ல போய் டென்ட் போடற இடமே கிடையாது, எல்லாமே தண்ணி வழிதான், ஜார்ஜியன் பே ஆசையும் தீரும். ஒண்ணு, அல்கான்குவின் உள்பகுதிக்கு டின் சாப்பாடு, தூக்கிப் போடற பாட்டில் எல்லாம் கொண்டு போகக் கூடாது, ரூல்.

கரோலா மேல தாராளமா கட்டலாம், நானே கட்டிட்டு போறேன். மூக்கையும் வாலையும் தனித்தனி கயிறு போட்டு பம்பர் பக்கம் இழுத்துக் கட்டுங்க. ராட்செட் பட்டை (பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கறது) வேண்டவே வேண்டாம், இறுக்கற இறுக்குல வெயில்ல பிளாஸ்டிக் நசுங்கிடும், கையால இழுக்கற பக்கிள் பட்டை போதும். பின்னாடி 1.5 மீட்டரோ அதுக்கு மேலயோ நீட்டிக்கிட்டிருந்தா சிவப்புத் துணி கட்டணும்.

குளிர்காரி:
தம்பி, எது வாங்கினாலும் மே மாசத்தில உடன இறங்காதேங்கோ. வெளியில 25 பாகை வெயில் எறிக்கும், ஏரித் தண்ணி அப்பதான் ஐஸ் உருகினது. மனிற்றோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லுற 1-10-1 கணக்கைப் பாடமாக்குங்கோ: விழுந்தா 1 நிமிசம் மூச்சைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர, 10 நிமிசம்தான் கை கால் சொல்வழி கேக்கும், 1 மணித்தியாலத்தில நினைவு தப்பும். லைஃப் ஜக்கெற் போட்டிருந்தாத்தான் இந்தக் கணக்கே, சீற்றுக்குப் பின்னால செருகி வைக்கிறேல்லை. மிதக்கிற கயிறு 15 மீற்றர், விசில், தண்ணி இறைக்கக் கைப்பம்போ வாளியோ இதெல்லாம் சட்டப்படியே வேணும், இருட்டினா லைற்றும். கவிழ்ந்தாத் திருப்பி ஏற கரையோரமாப் பழகுங்கோ, 22 அங்குலத்துக்க ஏறுறது லேசில்லை. என்னைக் கேட்டா சுனாமிதான்.

பரி சவுண்ட் பெடியன்:
அக்கா சொல்லுறது சரிதான், ஆனா ஜோர்ஜியன் பே எண்டு வாய் விட்டிட்டார். ரெண்டு வருசத்தில 17 அடிதான் கேப்பார், நான் எழுதித் தாறன்.

துடுப்புக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. சனிக்கிழமை ரெண்டையும் போய்ப் பாக்கிறன், கானும் வாளியும் கொண்டுதான் போறன். டெம்பெஸ்ட் விக்கிறவர் ஏரிக்கரையில இல்லை, பிரம்ரனில வீட்டுக் கராஜுக்குள்ள வைச்சிருக்கிறார், தண்ணியில விட்டுப் பாக்க விடமாட்டார் போல. அப்பிடியெண்டா சுனாமிக்கு 750 கேட்டுப் பாக்கிறன், கூடவே துடுப்பும் தருவாரோ எண்டு.