கைப்பா, கசப்பா?

வெள்ளவத்தை வாசகன்:
மகள் பயிற்சிக் கொப்பியில் அறுசுவைகளுள் ஒன்றைக் ‘கைப்பு’ என்று எழுதியிருந்தாள். ஆசிரியை அதைச் சிவப்பு மையால் வெட்டிக் ‘கசப்பு’ ஆக்கியிருக்கிறார். கைப்புத்தான் தமிழ். கசப்பு வடமொழிக் கஷாயத்திலிருந்து வந்த ஒட்டுச்சொல். இதைக் கேட்க ஆளில்லையா?

கொட்டாஞ்சேனைக்காரி:
கைப்பை வெட்டியது பிழைதான், ஐயா. அதற்காகக் கசப்பை நாடு கடத்தாதீர்கள். வடமொழியில் சுவைகளைச் சொல்லும்போது கஷாயம் என்றால் துவர்ப்பு. கைப்புக்கு அங்கே திக்தம் என்று தனிச்சொல் உண்டு. தடிமன் வந்தால் கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடிக்கிறோமே, அந்தக் கசாயம் எங்கே கசக்கிறது? தொண்டையில் உறைக்கிறது! கைப்பும் கசப்பும் ஒரே வேர். பசுங்கிளி பைங்கிளி ஆகவில்லையா? வாழைப்பிஞ்சைக் கடித்தால் நாக்கைப் பிடிக்கும் ‘கயர்’ கூட இந்தக் குடும்பம்தான்.

வெள்ளவத்தை வாசகன்:
ஒரே வேர் என்றால் மலையாளத்தில் கைப்பு, கன்னடத்தில் கஹி என்று மட்டும் ஏன் வழங்குகிறது? ‘தேவரே தின்றாலும் வேம்பு கைக்கும்’ என்பதுதானே பழமொழி. கசப்பு பிந்தி வந்தது.

கொட்டாஞ்சேனைக்காரி:
பிந்தி வந்தால் பிழையாகிவிடுமா? பேச்சுவார்த்தை முறிந்தால் பத்திரிகைகள் ‘மனக்கசப்பு’ என்கின்றன. ‘மனக்கைப்பு’ என்று நீங்களே எழுதமாட்டீர்கள். கஷாயத்தை மெல்லக் கைவிட்டுவிட்டீர்கள், அதையும் கவனித்தேன்.

மருதானைத் தம்பி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சிங்களத்தில் கைப்புக்குத் ‘தித்த’ என்கிறார்கள். நமக்கோ தித்திப்பு என்றால் இனிப்பு. சென்னையிலிருந்து வந்த என் மச்சான், கடைக்காரர் ‘தித்தயி’ என்று எச்சரித்ததைத் தித்திப்பு என்று எடுத்துக்கொண்டு இலைக்கஞ்சியை ஒரே மிடறில் விழுங்கினார். பிறகு அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே சொல்லா?

வெள்ளவத்தை வாசகன்:
இல்லை, தம்பி. திக்தம்தான் தித்த ஆனது. நம்மிடம் பக்தன் பத்தன் ஆனதுபோல. தித்திப்போடு அதற்கு ஒலி ஒற்றுமை மட்டுமே, உறவு கிடையாது.

கொட்டாஞ்சேனைக்காரி:
அருமை, ஐயா. ஒலி ஒத்தால் மட்டும் உறவாகிவிடாது. அந்த விதியைக் கஷாயத்துக்கும் கசப்புக்கும் பொருத்திப் பாருங்கள்.