பழைய பில்லர் டிரில்: மூணு பேஸ் மோட்டார், ஆடுற சக், துரு

யீஷூன்_பட்டறை

மூடப்போற பட்டறையிலிருந்து பழைய பிரிட்டிஷ் பில்லர் டிரில் (தூண்ல நிக்கிற துளை போடுற மெஷின்) ஒண்ணு கிடைச்சிருக்கு, மேசை மாடல். சிங்கப்பூர்ல வீவக (அரசு அடுக்குமாடி) நாலறை வீடு, பாம் ஷெல்டர்தான் (வீட்டுக்குள்ள இருக்கிற பாதுகாப்பு அறை) பட்டறை. மோட்டார் தகட்டுல இருக்கிறது: 0.37 கிலோவாட், 1420 சுற்று, டெல்டா 220–240 வோல்ட் 1.9 ஆம்ப், ஸ்டார் 380–415 வோல்ட் 1.1 ஆம்ப் (டெல்டா, ஸ்டார்: மோட்டார் காயில்களைச் சேர்க்கிற ரெண்டு விதம்). வீட்டுக்கு வர்றது சிங்கிள் பேஸ் 230.

6 மி.மீ. பிட் மாட்டி புல்லியைக் கையால சுத்தினாலே முனை வட்டம் போடுறது கண்ணுக்குத் தெரியுது. குவிலை (சுத்துற தண்டைத் தாங்கி மேலயும் கீழயும் போற குழாய்) இறக்கி விட்டா பாதி வழிதான் மேல வருது. தூணும் மேசையும் துரு. மோட்டாரை மாத்தணுமா? புது சக் (பிட்டைப் பிடிக்கிற தலை) வாங்கினா ஆட்டம் போயிடுமா? துருவுக்கு ஷெல்டர்லயே எலக்ட்ராலிசிஸ் (தண்ணில கரண்ட் விட்டுத் துரு எடுக்கிறது) பண்ணலாமா?

ஸ்டார்_டெல்டா

மோட்டாரை மாத்தவே மாத்தாதீங்க. தகட்டுல டெல்டா 220–240 இருந்தா பாதிக் கிணறு தாண்டின மாதிரி. டெர்மினல் பெட்டியைத் திறங்க, ஆறு முனை இருக்கணும். இப்போ ஒரு வரிசையில மூணு முனையையும் பித்தளைப் பட்டை சேர்த்திருக்கும், அது ஸ்டார். பட்டைகளைக் கழற்றி நெட்டுக்குத்தா மாட்டுங்க: யு1–டபிள்யு2, வி1–யு2, டபிள்யு1–வி2. பழைய மோட்டார்ல எழுத்து வேற மாதிரி இருக்கலாம், அதனால முதல்ல மல்டிமீட்டர்ல மூணு காயிலையும் தனித்தனியா அடையாளம் பாருங்க. மூணு வயர் மட்டும் வெளியே வந்திருந்தா ஸ்டார் முடிச்சு உள்ளே புதைஞ்சிருக்கு, அது காயில் கட்டுறவர் வேலை.

கரண்ட் கொடுக்கிறதுக்கு முன்னாடி 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனை அளக்கிற மீட்டர்) வெச்சுப் பாருங்க. காயிலுக்கும் உடலுக்கும் நடுவுல 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினா, நம்ம ஊர் ஈரம்தான் பெரும்பாலும் காரணம். மூடியைக் கழற்றி 60 வாட் குண்டு பல்பு ஒண்ணை ராத்திரி முழுக்க பக்கத்துல எரியவிட்டு மறுபடி அளந்து பாருங்க.

அப்புறம் சிங்கிள் பேஸ் உள்ளே, 230 மூணு பேஸ் வெளியே தர்ற விஎஃப்டி (மோட்டார் வேகத்தையும் மாத்துற மின் பெட்டி). 0.4 போதும், 0.75 கிலோவாட்டும் பரவாயில்லை. ஓவர்லோட் செட்டிங்ல 1.9 போடுங்க, 1.1 இல்லை. 1.1ஐப் போட்டுட்டு "டிரிப் ஆகுது"ன்னு வர்றவங்கதான் அதிகம்.

விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவுல எந்த சுவிட்சும் கூடாது. ஓடும்போது அதைத் திறந்தா விஎஃப்டியோட அவுட்புட் போயிடும். மெஷின்ல இருக்கிற பழைய பட்டனை விஎஃப்டியோட கண்ட்ரோல் முனையில சேருங்க. கரண்ட் போய் வந்தா தானா ஓடாதபடி ஆட்டோ ரீஸ்டார்ட்டை அணைச்சு வைங்க. வேகத்தைக் குறைக்க பெல்ட்டை மாத்துங்க, 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கினா மோட்டார் விசிறி காத்து வீசாது, சூடேறும்.

2023 ஜூலையிலிருந்து இங்கே எல்லா வீட்டுக்கும் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தா கரண்ட்டைத் துண்டிக்கிற பிரேக்கர்) கட்டாயம், விஎஃப்டி எர்த்துக்குக் கொஞ்சம் கசியவிடும். அதுனால டிரிப் ஆனா மோட்டார் கேபிளைக் குட்டையாக்குங்க, எந்த வகை ஆர்சிசிபி வேணும்னு விஎஃப்டி கையேட்டைப் பாருங்க. எர்த்தைக் கழற்றிவிட்டு ஓட்டுறது தற்கொலை. சுவருக்குள்ள போற வயரிங்னா உரிமம் உள்ளவர்தான் தொடணும்.

பத்து_மைக்ரான்

சக் வாங்குவதை நிறுத்தி வையுங்கள். ஆட்டம் நான்கு இடங்களில் ஒன்றிலிருந்து வரலாம், சக் அவற்றில் கடைசி. 0.01 மி.மீ. டயலும் (அசைவை அளக்கும் கருவி) அதைப் பொருத்தும் காந்த அடியும் இருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, புல்லியைக் கையால் சுற்றி மேலிருந்து கீழாக அளந்து வாருங்கள்.

முதலில் டிரிஃப்ட் ஆப்பைத் தட்டி ஆர்பரையும் (சக்கை ஸ்பிண்டிலில் மாட்டும் தண்டு) சக்கையும் இறக்குங்கள். ஸ்பிண்டிலின் (மெஷினில் சுற்றும் தண்டு) உள் டேப்பரில் (கூம்பு வடிவச் சரிவு) நெம்புகோல் வகை டயலின் முனையை வைத்துச் சுற்றுங்கள்: 0.03க்குள் இருந்தால் ஸ்பிண்டில் நலம். பிறகு ஆர்பரை மாட்டி, சக் உட்காரும் டேப்பரில் அளங்கள். கடைசியில் சக்கில் சில்வர் ஸ்டீல் தண்டு பிடித்துப் பாருங்கள். டிரில் பிட்டை வைத்து அளக்காதீர்கள், பிட்டே வளைந்திருக்கும்.

சுற்றாமல் கையால் பக்கவாட்டில் தள்ளினால் டயல் நகர்கிறதா என்றும் பாருங்கள். குவிலின் வெளிப்பக்கத்தில் டயலை வைக்கும்போதும் நகர்ந்தால் குவிலுக்கும் வார்ப்புக்கும் இடையில் தேய்மானம். தலை பிளவுபட்ட வகையானால் இறுக்கும் போல்ட் இருக்கும், அதில் சரிசெய்யலாம். குவில் அசையாமல் ஸ்பிண்டில் மட்டும் அசைந்தால் பேரிங். எண் வளையத்திலேயே பொறித்திருக்கும். 6203 என்றால் 17 × 40 × 12 மி.மீ.; அந்த எண்ணைச் சொல்லி வாங்கினால் போதும், மெஷின் பெயர் தேவையில்லை. ஏற்றும்போது தண்டில் என்றால் உள் வளையத்தையும் கூட்டில் என்றால் வெளி வளையத்தையும் மட்டும் அழுத்துங்கள். குண்டுகள் வழியாக அடி போனால் புது பேரிங்கும் அன்றே இரையும்.

யீஷூன்_பட்டறை

அளந்தேன். உள் டேப்பர் 0.02. ஆர்பர் மேல 0.16. பக்கவாட்டு அசைவு எதுவும் இல்லை. ஸ்பிண்டில் டேப்பர் எம்டி2 (மோர்ஸ் டேப்பர், 2ஆம் அளவு).

பத்து_மைக்ரான்

அப்படியானால் ஸ்பிண்டிலும் பேரிங்கும் தப்பித்தன. ஆர்பரின் மேடான பக்கத்தையும் அதற்கு நேரே ஸ்பிண்டிலையும் மார்க்கரால் கோடிடுங்கள். ஆர்பரைக் கழற்றி 180 டிகிரி திருப்பி மாட்டுங்கள். ஆர்பரின் முனையில் தட்டை வால் இருப்பதால் அந்த இரண்டு நிலைதான் உண்டு. மேடு ஆர்பரோடு நகர்ந்தால் ஆர்பர் கோணல். ஸ்பிண்டில் கோட்டிலேயே நின்றால் டேப்பருக்குள் எங்கோ பிசிறு, டயல் தொட்ட இடத்தில் அது இல்லை, அவ்வளவுதான். என்ஜினியர்ஸ் புளூ (தொடும் இடத்தைக் காட்டும் நீல மை) மெல்லியதாகத் தடவிப் பார்த்து, எம்டி2 ஃபினிஷிங் ரீமரைக் (துளையைச் சீராக்கும் வெட்டுக்கருவி) கையால் இரண்டு சுற்று விட்டு மேட்டை மட்டும் எடுங்கள். அதற்கு மேல் சுற்றினால் டேப்பரே போய்விடும்.

புது ஆர்பர் வாங்கும்போது சக்கின் பின்துளையைப் பாருங்கள். பி16, ஜேடி33 இரண்டும் சக் டேப்பர் அளவுகள்: பி16 பெரிய முனை 15.73 மி.மீ., ஜேடி33 15.85. கையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் சரிவு முதலாவதில் 1:20, இரண்டாவதில் 1:15.75. மாற்றிப் போட்டால் ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்து மறுபடி ஆடும். மாட்டும்போது இரு பக்கமும் எண்ணெய் இல்லாமல் துடைத்து, தாடைகளை முழுக்க உள்ளே இழுத்து, மரத்துண்டால் ஒரே தட்டு.

துருவாசர்

ஷெல்டருக்குள்ள எலக்ட்ராலிசிஸ் வேண்டவே வேண்டாம். ஹைட்ரஜன் வரும், அந்த அறையில காத்துப் போக்கு பத்தாது. பண்ணணும்னா சர்வீஸ் யார்டு ஜன்னலோரம், வாஷிங் சோடா தண்ணில, பொருள் நெகட்டிவ்ல. பாசிட்டிவ்ல எவர்சில்வர் போட்டா குரோமியம் விஷம் கரையும், சாதா இரும்புத் தகடு போடுங்க.

உங்க மெஷினுக்கு அதுவே தேவைப்படாது. தூணுக்கும் மேசைக்கும் மண்ணெண்ணெய் ஊத்தி, பிளேடைப் படுக்க வெச்சுச் சுரண்டி, பச்சை ஸ்காட்ச் பிரைட் போட்டுத் தேய்ங்க. மேசை மேல சாண்டர் ஓட்டினா சமம் போயிடும். சின்ன போல்ட், கைப்பிடிக்கு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட், ரெண்டு மூணு மணி நேரம். எடுத்ததும் சோடா தண்ணில அலசி ஹேர் டிரையரால காய வெச்சு உடனே எண்ணெய் போடுங்க. போன் பேசிட்டு வந்து போடலாம்னா அதுக்குள்ள ஆரஞ்சு கலர் வந்திருக்கும். ஸ்பிரிங்கை ஆசிட்ல போடாதீங்க, ஹைட்ரஜன் ஏறி உடையும். துரு போனதும் பேஸ்ட் வேக்ஸ் மெல்லிசா. டபிள்யுடி-40 இந்த ஈரத்துல ரொம்ப நாள் தாங்காது.

குவில் பாதியில நிக்கிறதுக்கு எல்லாரும் ஸ்பிரிங்கை முறுக்குவாங்க. பெரும்பாலும் குற்றவாளி காய்ஞ்சு கோந்தான கிரீஸ். இல்லைன்னா குவிலைப் பிடிக்கிற போல்ட்டை யாரோ அதிகமா இறுக்கியிருக்காங்க. முதல்ல குவிலைக் கழுவி மெல்லிசான எண்ணெய் விட்டுப் பாருங்க, திரும்ப கிரீஸ் வேண்டாம். அப்பவும் வரலைன்னா ஸ்பிரிங்: தடிமனான கையுறை போட்டு, மூடியைப் பிடிச்சுக்கிட்டே நட்டைத் தளர்த்தி, ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்கு மட்டும் திருப்புங்க. மூடியை முழுசா வெளியே இழுத்துடாதீங்க, உள்ளே இருக்கிறது கடிகார ஸ்பிரிங் மாதிரி சுருட்டின பட்டை, விரலைக் கிழிச்சுடும்.