கேம் ரிவ்யூக்களை நம்பிக் காசு போடலாமா?

மதுரைவீரன்88:
பெரிய கேம் எது வந்தாலும் "ஐஜிஎன் தளம் 10-க்கு 9 கொடுத்திருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கு" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். வெளியீட்டுக்கு முன்னால் வரும் எந்த ரிவ்யூவையும் நம்பிக் காசு போடக் கூடாது.

சைபர்பங்க் 2077 ஒன்றே போதும். 2020 டிசம்பர் 10 அன்று விற்பனைக்கு வந்தது. அதற்குச் சில நாள் முன்பே ரிவ்யூக்கள் வந்துவிட்டன, பல தளங்களின் மதிப்பெண்களைச் சேர்த்து நூற்றுக்குக் கணக்கிடும் மெட்டாக்ரிட்டிக்கில் 90-ஐ ஒட்டிய மதிப்பெண். ஆனால் கேமை உருவாக்கிய சிடி ப்ராஜெக்ட் ரெட் ரிவ்யூ எழுதுகிறவர்களுக்கு முன்கூட்டி அனுப்பியது பிசி காப்பி மட்டும்தான். டிவியில் இணைத்து விளையாடும் பழைய கன்சோல்களான பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் காப்பியை யாருக்கும் கொடுக்கவில்லை. அதோடு நிற்கவில்லை, வீடியோ ரிவ்யூ போடுகிறவர்கள் தாங்கள் விளையாடிப் பதிவு செய்ததைக் காட்டக் கூடாது, நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் போட வேண்டும் என்று நிபந்தனை வேறு. பழைய கன்சோலில் வாங்கியவர்கள் பார்த்தது என்ன? எதிரே நிற்கும் ஆளின் முகம் மங்கலாக இருக்கிறது, சில நொடி கழித்துத்தான் துலங்குகிறது. வண்டி ஓட்டும்போது சாலை கண்முன்னால் தோன்றுகிறது. நடுவில் கேம் அப்படியே நின்று முகப்புத் திரைக்குப் போய்விடுகிறது. ஒரு வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது, மறுபடி சேர்த்தது 2021 ஜூனில். பிஎஸ்4 பதிப்பின் மதிப்பெண் பிறகு 57-ல் போய் நின்றது. அந்த 57 எப்போது தெரிந்தது? காசு போன பிறகு.

பிக்சல்_கவிதா:
வீரன் அண்ணா, நீங்கள் சொன்ன அத்தனையும் நடந்ததுதான், ஆனால் ஆளை மாற்றிப் பிடிக்கிறீர்கள். கன்சோல் காப்பி தரவில்லை, சொந்தக் காட்சி போட விடவில்லை என்ற விஷயமெல்லாம் நமக்கு யார் மூலமாகத் தெரியும்? ரிவ்யூ எழுதியவர்கள் தங்கள் கட்டுரையில் எழுதி வைத்ததால்தானே. கேம்ஸ்பாட் தளம் அந்த கேமுக்கு 10-க்கு 7 போட்டது, பக் (கோளாறு) தொல்லை எவ்வளவு என்று விவரமாகவே எழுதியது. கேம் இன்னும் வாசகர் ஒருவர் கைக்கும் வராத நாளில், அந்த 7-க்காக அதை எழுதிய பெண்மணி மேல் விழுந்த வசவு கொஞ்சநஞ்சமல்ல. அப்போது அவரைத் திட்டியவர்கள் வாசகர்கள், நிறுவனம் இல்லை. உண்மையைச் சொன்ன ரிவ்யூ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, 9-ம் 10-ம் மட்டும் வேண்டும் என்றவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள்.

இன்னொன்றும் யோசியுங்கள். ரிவ்யூக்களை விலைக்கு வாங்க முடியும் என்றால் நிறுவனங்கள் அவற்றுக்கு ஏன் பயப்பட வேண்டும்? 2014-ல் அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி அமெரிக்காவில் நள்ளிரவில் விற்பனைக்கு வந்தது, ரிவ்யூ வெளியிட அனுமதி அன்று நண்பகலுக்குத்தான். பெத்தெஸ்டா என்ற கேம் நிறுவனம் 2016-ல் இனி வெளியீட்டுக்கு ஒரு நாள் முன்புதான் காப்பி தருவோம் என்று அறிவித்தது. நம் கையில் காசு இருக்கும்போது ரிவ்யூ வந்துவிடக் கூடாது என்று அவர்கள் பாடுபடுகிறார்கள் என்றால், அந்த ரிவ்யூவுக்கு ஏதோ மதிப்பு இருக்கிறது என்றுதானே பொருள்?

யாழ்_தாசன்:
இரண்டு பேரும் தளங்களைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் ஸ்டீம் என்கிற பிசி கேம் இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கின சனம் எழுதுவதைத்தான் பார்ப்பேன். அந்த கேமைத் தன் ஸ்டீம் கணக்கில் விளையாடாதவர் அங்கே எழுத ஏலாது. எத்தனை மணி நேரம் விளையாடியிருக்கிறார் என்று பெயருக்குக் கீழேயே இருக்கும். 300 மணி நேரம் விளையாடின ஒருவர் "வேண்டாம்" என்று கட்டைவிரலைக் கீழே காட்டினால், அவர் எழுதியிருக்கும் நாலு வரி எனக்கு எந்தப் பெரிய தளத்தின் கட்டுரையை விடவும் பெறுமதி.

ஹெல்டைவர்ஸ் 2 என்கிற கேமுக்கு 2024 மே மாதம் நடந்ததைப் பாருங்கள். பிசியில் விளையாடுகிறவர்களும் இனிக் கட்டாயம் பிஎஸ்என் (சோனியின் இணைய விளையாட்டுச் சேவை) கணக்கை இணைக்க வேண்டும் என்று சோனி அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் பிஎஸ்என் சேவையே இல்லை, இலங்கையும் அதில் ஒன்று. அந்த கேமை விற்கிறபோது எங்களிடம் காசு வாங்கிவிட்டார்கள், பிறகு கணக்கு இல்லாதவர் வெளியே போ என்கிற நிலை. சில நாட்களுக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேலான எதிர்மறை ரிவ்யூக்கள் குவிந்தன, சோனி முடிவைத் திரும்பப் பெற்றது. எந்த விமர்சகரால் அது முடிந்திருக்கும்?

பிக்சல்_கவிதா:
தாசன் அண்ணா, அந்தக் கோபம் நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் அது போராட்டம், ரிவ்யூ இல்லை. அந்த வாரம் ஸ்டீம் பக்கத்துக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு "இந்த கேமில் சுடுவது எப்படி இருக்கும், தனியாக விளையாட முடியுமா" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்திருக்குமா?

தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 இன்னும் மோசம். 2020 ஜூன் 19 அன்று வந்தது. விமர்சகர்கள் தரப்பில் 93. மெட்டாக்ரிட்டிக்கில் பயனர் மதிப்பெண் அன்றைக்கே 10-க்கு 4-க்கும் கீழே விழுந்தது. கதையை முடிக்க 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேம் அது. விளையாடாமலே பூஜ்யம் போட்டவர்கள் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் கேம் வெளியாகி 36 மணி நேரம் கழிந்தால் மட்டுமே பயனர்கள் எழுதலாம் என்று மெட்டாக்ரிட்டிக் விதி கொண்டுவந்தது.

யாழ்_தாசன்:
மெட்டாக்ரிட்டிக்கையும் ஸ்டீமையும் ஒன்றாகப் போடாதீர்கள். அங்கே கேம் கையில் இல்லாதவரும் எழுதலாம், இங்கே அப்படியில்லை. எந்த நாளில் எவ்வளவு எதிர்ப்பு வந்தது என்று வரைபடமாகவே ஸ்டீம் காட்டுகிறது. திடீரென்று சிவப்புக் கோடு உயர்ந்தால் அந்தத் திகதியில் என்ன நடந்தது என்று தேடிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சனத்தின் கோபமும் எனக்குத் தேவையான தகவல்தான். கணக்கு இல்லாத நாட்டில் இருக்கிறவனுக்கு அதுதான் முதல் தகவல்.

மதுரைவீரன்88:
கவிதா, நிறுவனங்கள் ரிவ்யூவுக்குப் பயப்படுகின்றன என்றாய். சரி, பயந்தால் என்ன செய்வார்கள் என்பதையும் பார். 2007-ல் கேம்ஸ்பாட்டில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற மூத்த ஆசிரியர் கேன் அண்ட் லிஞ்ச் கேமுக்கு 6 போட்டார். அதே நேரத்தில் அந்தத் தளத்தின் முகப்பு முழுவதும் அந்த கேமின் விளம்பரம். ஆள் வேலையிழந்தார். நடந்ததை அவர் வாய்திறந்து சொல்ல 2012 வரை ஆனது. நீ இப்போது பாராட்டுகிறாயே, அதே கேம்ஸ்பாட். இவ்வளவு தெரிந்த பிறகும் விளம்பரக் காசில் ஓடும் தளத்தின் மதிப்பெண்ணை நான் ஏன் நம்ப வேண்டும்?

பழைய_பேனா:
இந்தத் திரியை நேற்றிலிருந்து படிக்கிறேன். சில வருடங்கள் ஒரு தளத்துக்கு ரிவ்யூ எழுதினேன், பெயர் வேண்டாம். வெளியே இருப்பவர்கள் நினைப்பது போல் யாரும் கவரில் காசு வைத்து நீட்டுவதில்லை. ஆனால் வளைவது வேறு இடத்தில்.

ஒரு மின்னஞ்சல் வரும். கேமைத் திறக்கும் குறியீடு, எந்த நாள் எத்தனை மணிக்கு வெளியிடலாம், எந்தக் கட்டம் வரை பேசலாம், எதைக் காட்டக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கும். கீழே ஒரு பத்தி: "இப்போது தெரியும் இந்த இந்தக் குறைகள் முதல் நாள் பேட்ச்சில் (திருத்தப் பதிப்பில்) சரியாகிவிடும்." அந்தப் பத்திதான் பெரிய தலைவலி. நான் பார்த்த பக்கை எழுதினால் வாசகர் வாங்கும்போது அது இல்லாமல் போகலாம், எழுதாமல் விட்டால் அது அப்படியே இருக்கலாம். பெரும்பாலும் நிறுவனத்தின் வார்த்தையை நம்பி மென்மையாக எழுதிவிடுவார்கள். அப்புறம் நேரம். ஐம்பது மணி நேர கேமுக்கு ஐந்தாறு நாள் கிடைக்கும். தூங்காமல் முக்கியக் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினால்தான் முடியும். நீங்கள் இரண்டு மாதம் இரவில் ஒரு மணி நேரமாக விளையாடும் கேமும் அவர் விளையாடியதும் பெயரளவில்தான் ஒன்று.

மதிப்பெண்ணைப் பற்றி வீரன் கேட்டது சரிதான், ஆனால் காரணம் விளம்பரம் மட்டும் இல்லை. 2010-ல் வந்த ஃபால்அவுட் நியூ வேகாஸை உருவாக்கிய அப்சிடியன் நிறுவனத்துக்கு மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. ஒரு புள்ளியில் போனது. இது வெளியே தெரிந்த பிறகு, 7 போட உட்காரும் எந்த விமர்சகருக்கும் அந்தப் பக்கம் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஆட்கள் நினைவுக்கு வராமல் இருப்பார்களா? எனக்கு வந்தார்கள்.

மதுரைவீரன்88:
அண்ணா, நான் இரண்டு பதிவாகச் சொல்லிக்கொண்டிருப்பதை நீங்கள் உள்ளே இருந்து சொல்லிவிட்டீர்கள். மென்மையாக எழுதுவார்கள் என்று நீங்களே சொல்லும்போது இனி என்ன இருக்கிறது?

பழைய_பேனா:
மதிப்பெண்ணை நம்பாதீர்கள் என்றேன், எழுத்தை நம்பாதீர்கள் என்று சொல்லவில்லை. எந்த இயந்திரத்தில் விளையாடினார், காப்பி யார் கொடுத்தது, முடித்தாரா இல்லையா என்று சொல்லும் ரிவ்யூவில் அந்த மென்மையையும் தாண்டி விஷயம் இருக்கும். எழுத்தால் பிடிக்கவே முடியாத ஒன்றும் உண்டு. க்ராஷ் டீம் ரேசிங் நைட்ரோ ஃபியூல்டு 2019 ஜூனில் வந்தது, நல்ல ரிவ்யூ வாங்கியது. ஆகஸ்டில் ஆக்டிவிஷன் அதற்குள் நிஜக் காசுக்குப் பொருள் விற்கும் வசதியைச் சேர்த்தது. ரிவ்யூ எழுதியபோது அது கேமிலேயே இல்லை. இதற்கு விமர்சகரைக் குறை சொல்ல முடியாது, ஆனால் பழைய ரிவ்யூவில் அதைச் சேர்த்துத் திருத்தாத தளத்தைக் குறை சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

நெல்லை_தம்பி:
அண்ணன்மாரே, அக்கா, நான் காலேஜ் படிக்கிறேன். பிஎஸ்5 கேம் ஒன்று 4,999 ரூபாய், எனக்கு அது பல மாதச் சேமிப்பு. வருடத்துக்கு ஒன்றிரண்டு வாங்கினாலே அதிகம். நான் இவ்வளவு நாள் யூடியூப் சேனல்களைத்தான் பார்க்கிறேன், நம் ஊர்த் தமிழிலேயே விளையாடிக் காட்டுகிறார்கள். அது சரிப்படுமா?

பிக்சல்_கவிதா:
தம்பி, விளையாடிக் காட்டுவதைப் பார்ப்பது நல்லதுதான், ஆனால் காசு வாங்கிக்கொண்டு போட்ட வீடியோவா என்று முதலில் பார். ஷேடோ ஆஃப் மோர்டோர் கேமுக்கு 2014-ல் வார்னர் பிரதர்ஸ் யூடியூபர்களுக்குக் காசு கொடுத்தது, சிலருக்குப் பல்லாயிரம் டாலர். கேமைப் பாராட்ட வேண்டும், பக் எதையும் காட்டக் கூடாது என்று நிபந்தனை. ஸ்பான்சர் என்ற வார்த்தை பெரும்பாலும் வீடியோவுக்குக் கீழே, விளக்கத்தை விரித்துப் பார்த்தால்தான் தெரியும் இடத்தில் இருந்தது. 2016-ல் வணிக மோசடிகளைக் கவனிக்கும் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்காக அந்த நிறுவனத்தின் மேல் நடவடிக்கை எடுத்தது. இந்தியாவிலும் 2021-லிருந்து விளம்பரம் என்றால் விளம்பரம் என்று வீடியோவில் குறிப்பிட வேண்டும் என்று விளம்பரத் தர கவுன்சில் விதி இருக்கிறது. அந்தக் குறிப்பைத் தேடு.

யாழ்_தாசன்:
தம்பி, பிசி இருந்தால் ஸ்டீமில் வாங்குவது மேல். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திருப்பிக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரம்தான் உன்னுடைய ரிவ்யூ.

நெல்லை_தம்பி:
பிசி இல்லை அண்ணா, பிஎஸ்5 மட்டும்தான். டிஸ்க் உறையைப் பிரித்துவிட்டால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

மதுரைவீரன்88:
அப்படியென்றால் ஒரு மாதம் பொறு. இரண்டு பேட்ச் வரட்டும், விலையும் கொஞ்சம் குறையலாம். முன்பதிவு மட்டும் செய்யவே செய்யாதே, அதில் உனக்கு ஒரு லாபமும் இல்லை.

பிக்சல்_கவிதா:
முன்பதிவு வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் வீரன் அண்ணா, ஒரு மாதம் கழித்து அவன் எதைப் பார்த்து முடிவு செய்வான்? அப்போதும் யாரோ எழுதிய ரிவ்யூவைத்தானே?

மதுரைவீரன்88:
படிக்கட்டும். நம்மைப் போலவே கடையில் காசு கொடுத்து வாங்கி, பிஎஸ்5-ல் கடைசி வரை விளையாடியவர் எழுதியதைப் படிக்கட்டும். இலவசக் காப்பியில் எழுதியதை நான் இன்னும் ஏற்கவில்லை.

பழைய_பேனா:
நெல்லை தம்பி, நீ எந்த கேமை மனதில் வைத்திருக்கிறாய்? பெயரைச் சொல். பிஎஸ்5-ல் விளையாடியவர்கள் இங்கேயே இருப்பார்கள், எத்தனை மணி நேரம் விளையாடினார்கள், எங்கே தொங்கியது என்று நேராகவே கேட்டுவிடலாம்.